கிர்க்கின் கப்பலில் ஃபராகான்

ஒரு வாசகர், மார்ச் 2

'இன் லிவிங் கலர்' என்கிற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் வந்த, ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரின் அந்தப் பகடியை எல்லாரும் ஆகா ஓகோ என்கிறீர்கள். நானும் பார்த்தேன், எரிச்சல்தான் வந்தது. யூதர்களை வெறுத்துப் பேசுகிற ஃபராகான் என்கிற கறுப்பின மதத் தலைவரைக் கதாநாயகனாக்கி, நல்லெண்ணத்தோடு எடுத்த ஒரு தொடரைக் கேலி செய்கிறார்கள். அறுபதுகளிலேயே ஒரு கறுப்பினப் பெண்ணை அதிகாரியாகக் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்த தொடர் அது. அதைப் போய் இனவாதம் என்று கிண்டல் செய்வது நன்றிகெட்ட வேலை இல்லையா?

மார்ச் 2, இரவு

இல்லை தம்பி. அந்த ஸ்கெட்ச், அதாவது அந்தக் குட்டி நகைச்சுவை நாடகம், அந்தத் தொடரின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் எழுதியது என்றுதான் நான் நினைக்கிறேன். வேண்டாதவனால் அப்படி எழுத முடியாது. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1990, ஃபாக்ஸ் தொலைக்காட்சி, கீனன் ஐவரி வேயன்ஸ் உருவாக்கிய நிகழ்ச்சியின் முதல் சீசன். ஜிம் கேரிதான் கப்பலின் வெள்ளைக்காரக் கேப்டன் கிர்க். அப்போது கேரியை வெளியே பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள் இருந்த அந்தக் குழுவில் இருந்த ஒன்றிரண்டு வெள்ளையர்களில் ஒருவர். டேமன் வேயன்ஸ் லூயிஸ் ஃபராகானாக வந்து கப்பலில் ஏறுகிறார். கழுத்தில் 'போ டை', முகத்தில் ஒரு நிதானமான சிரிப்பு. வந்தவர் துப்பாக்கியை எடுக்கவில்லை, ஒவ்வொரு நாற்காலியாகப் போய்ப் பேசுகிறார், அவ்வளவுதான். தகவல் தொடர்பு அதிகாரியான அந்தக் கறுப்பினப் பெண் ஊஹுராவிடம், எத்தனை வருஷமாக இந்த ஆளுக்கு போன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய், ஐந்து நிமிஷம் ஓய்வாவது கொடுத்தானா என்று கேட்கிறார். பாதி வேற்றுக்கிரகவாசியான ஸ்பாக்கிடம், உன்னைவிடப் புத்தி குறைந்தவனுக்குக் கீழே நீ ஏன் இரண்டாவது ஆளாக இருக்கிறாய் என்கிறார். ஒவ்வொருவராக அவர் பக்கம் சாய்கிறார்கள். கிர்க் போடும் உத்தரவைக் கேட்க ஆளில்லை.

இதில் கேலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கப்பலில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் என்ன வேலை செய்தார்கள் என்பதை அப்படியே வாய்விட்டுப் படிக்கிறார்கள், எதையும் திரிக்கவில்லை. அறுபதுகளின் அமெரிக்காவில் அந்த மேடை எவ்வளவு பெரிய காரியம் என்பது நீங்கள் சொல்வது போல உண்மைதான், மறுக்கவே மாட்டேன். ஆனால் எல்லாரையும் உள்ளே கூட்டிவந்துவிட்டு கேப்டனின் நடுநாற்காலியை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மையையும் ஒரே நேரத்தில் பார்த்துச் சிரிக்கவைப்பதுதான் அந்த ஸ்கெட்சின் திறமை.

மார்ச் 3

அதே விஷயத்தில் ஒன்று விட்டுப்போனது. 'ராத் ஆஃப் ஃபராகான்' என்கிற ஸ்கெட்சின் பெயரே 1982ல் வந்த 'ராத் ஆஃப் கான்' என்கிற ஸ்டார் ட்ரெக் படத்தின் பெயரை வைத்து விளையாடுவது. அந்தக் கான் யார்? 1967ல் வந்த எபிசோடில் முழுப்பெயர் கான் நூனியன் சிங், வட இந்தியாவைச் சேர்ந்த சீக்கியராக இருக்கலாம் என்று வசனமே வரும். நடித்தவர் மெக்சிகோவைச் சேர்ந்த ரிக்கார்டோ மொந்தல்பான். பிரமாதமாக நடித்தார், அதில் எனக்குக் குறையே இல்லை. பிறகு 2013ல் அதே கான் பாத்திரத்தை வெள்ளைக்கார ஆங்கிலேயர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்தார். எண்பதுகளில் தூர்தர்ஷனில் இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த 2013 படம் திரையரங்கில் ஓடும்போது வயிற்றைப் பிசைந்தது. நாற்பத்தாறு வருஷம் கழித்து நிலைமை முன்னேற வேண்டாமா? பின்னால் போயிருக்கிறது. அதனால்தான் நாற்காலிக் கணக்கு பார்ப்பதை அற்பம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மார்ச் 3, இரவு

"ஊஹுராவாக நடித்தவரே பெருமைப்பட்டாரே, அப்புறம் நமக்கென்ன" என்று சென்னை நண்பர் கேட்கிறார். நிஷெல் நிக்கல்ஸ் பெருமைப்பட்டார், சரி. ஆனால் முதல் சீசன் முடிந்ததும் விலகிப்போக முடிவெடுத்தவரும் அவர்தான். அவரே பல முறை சொன்ன கதை இது. மார்ட்டின் லூதர் கிங்கை ஒரு விழாவில் சந்தித்தபோது, நான் தொடரை விட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். போகக் கூடாது, நம்மை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி உலகம் முதல்முறையாகப் பார்க்கிறது என்கிற அர்த்தத்தில் கிங் சொல்லி அவரைத் தடுத்தார். அவர் தங்கினார். தங்கியும் எபிசோடுக்கு எபிசோடு, அழைப்பு அலைவரிசை திறந்தாயிற்று கேப்டன் என்கிற அதே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு இருந்த வருத்தத்தை அவர் மறைத்ததே இல்லை. 1990 ஸ்கெட்சில் ஃபராகான் வேஷம் கேட்கும் கேள்வி, நிக்கல்ஸ் மனதில் 1967லேயே இருந்த கேள்விதான்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் அந்தக் கறுப்பு-வெள்ளை முத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 1968. கிர்க்கும் ஊஹுராவும் தங்கள் விருப்பப்படி முத்தமிடவில்லை. மனசக்தி உள்ள வேற்றுக்கிரகவாசிகள் பொம்மையை ஆட்டுவது போல ஆட்டிக் கட்டாயப்படுத்துகிறார்கள். அந்தக் காலத்தில் அதைக்கூடக் காட்ட நெஞ்சழுத்தம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம், கதைக்குள் ஒரு சாக்கு வைத்துக்கொண்டுதான் காட்ட முடிந்தது. ஊஹுராவின் முதல் பெயர் நியோட்டா என்று திரையில் ஒருவர் உச்சரித்துக் கேட்க 2009 வரை காத்திருந்தோம்.

நிக்கல்ஸ் கொடுத்ததோ மிகப் பெரியது. 1977ல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். 1992ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், சின்ன வயதில் ஊஹுராவைப் பார்த்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு தூரம் போன ஒருவருக்குக் கப்பலில் கொடுத்த வேலை போன் எடுப்பது.

மார்ச் 5

கோவை நண்பர் எழுதியது நல்ல கேள்வி. அறிவியல் புனைகதைக்கே உரிய வழி உருவகம், அந்தத் தொடரிலேயே இனவெறியைப் பற்றி அருமையான எபிசோடு இருக்கிறது, ஸ்கெட்சைவிட அது ஆழமானது என்கிறார். அவர் சொல்வது ஜனவரி 1969ல் வந்தது. இரண்டு பேர், முகம் பாதி கறுப்பு பாதி வெள்ளை. ஒருவனுக்கு வலப்பக்கம் கறுப்பு, இன்னொருவனுக்கு இடப்பக்கம். அதற்காகவே ஜென்மப் பகை. கடைசியில் அவர்கள் கிரகமே செத்துப்போயிருக்கிறது, அப்போதும் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

சின்ன வயதில் அதைப் பார்த்து இரவு தூங்கவில்லை. இப்போதும் பிடிக்கும். ஆனால் வயதான பிறகு பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்தக் கதையில் ஒருவன் ஆண்ட இனம், மற்றவன் அடிமைப்பட்ட இனம். இது வசனத்திலேயே இருக்கிறது. முடிவிலோ இருவரையும் ஒரே தட்டில் வைத்து, வெறுப்பு இரண்டு பேரையும் அழித்தது என்று கிர்க் தலையசைக்கிறார். பார்க்கிற நமக்கும் நிம்மதி, நாம் கிர்க் பக்கம் நின்று இரண்டு முட்டாள்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டுப் போகலாம். இருபது வருஷம் கழித்து வந்த அந்த சில நிமிஷ ஸ்கெட்ச் கிர்க்குக்கு அந்த இடத்தைத் தரவில்லை. நீ நடுவில் நிற்கும் நீதிபதி கிடையாது, உன் நாற்காலியும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது என்கிறது. அதுதான் எனக்கு ஆழமாகப் படுகிறது. உருவகம் தேவைதான், ஆனால் பல நேரம் அது ஒளிந்துகொள்ள வசதியான இடமும் ஆகிவிடுகிறது.

மார்ச் 6

முதல் கேள்வி கேட்ட தம்பி விடாமல் பிடிக்கிறார்: "நாற்காலி எல்லாம் சரி, ஃபராகானை ஏன் நாயகனாக்கினார்கள், அதற்கு பதில் சொல்லுங்கள்."

நியாயமான பிடி. நிஜ ஃபராகான் 1984ல் யூதர்களைப் பற்றிப் பேசிய பேச்சுகளை அமெரிக்க செனட் 95-0 என்று ஒருவர்கூட எதிர்க்காமல் கண்டித்தது. அது சாதாரண வாய்த்தவறு கிடையாது, அதற்குப் பிறகும் பல வருஷம் அதே பாணியில் பேசிக்கொண்டிருந்தவர். அதை நான் எந்தச் சாக்கிலும் மன்னிக்க மாட்டேன். ஸ்கெட்ச் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. டேமன் வேயன்ஸ் அவருடைய மிடுக்கை, பேசும் ராகத்தை, சின்ன விஷயத்தையும் சதியாக விரிக்கும் பழக்கத்தைக் கிண்டல் செய்கிறார். வெறுப்பைக் கிண்டல் செய்யவில்லை. அங்கே ஸ்கெட்ச் அவரைச் சுலபமாகத் தப்பவிட்டுவிட்டது என்பது என் கருத்து, எவ்வளவு பிடித்தாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஏன் அவர் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கிர்க்கின் கப்பலுக்குள் மரியாதையாகப் பேசும் ஒருவரை அனுப்பியிருந்தால் கப்பல் அவரை அன்போடு விழுங்கியிருக்கும், ஒரு சீருடையும் கொடுத்திருக்கும். அந்த மேடையின் நல்லெண்ணத்துக்குள் அடங்கவே அடங்காத ஒரு ஆள் வேண்டும். 1990ல் வெள்ளை அமெரிக்கா தொலைக்காட்சியில் பார்த்துப் பதறிய முகம் அவருடையது. பதற்றம்தான் நகைச்சுவைக்கு விசை. அதை எடுத்துவிட்டால் ஸ்கெட்சே இல்லை.

மார்ச் 6, சற்று முன்

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லாமல் அந்தப் பேச்சு முடியாது. ஃபராகானுக்கும் விண்கலத்துக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறது. அவருடைய நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பின் போதனையிலேயே வானத்தில் சுற்றும் ஒரு பிரம்மாண்டமான தாய்ச்சக்கரம் உண்டு. 1989 அக்டோபரில் வாஷிங்டனில் செய்தியாளர்களைக் கூட்டி, 1985ல் மெக்சிகோவில் ஒரு மலைமேல் தான் அந்தச் சக்கரத்துக்குள் எடுத்துச் செல்லப்பட்டதாகவும், அதற்குப் பத்து வருஷம் முன்பு இறந்த, அமைப்பின் முந்தைய தலைவர் எலைஜா முகம்மதுவின் குரலை அங்கே கேட்டதாகவும், தரிசனம் போன்ற ஒரு அனுபவமாக விவரித்தார். சில மாதங்களில், 1990ல், டேமன் வேயன்ஸ் அவரை கிர்க்கின் என்டர்பிரைஸ் கப்பலுக்குள் இறக்குகிறார். ஒரு பக்கம் ஹாலிவுட்டின் எதிர்காலம், இன்னொரு பக்கம் சிகாகோவின் ஒரு கறுப்பின மத இயக்கம் கற்பனை செய்த எதிர்காலம். இரண்டு அறிவியல் புனைகதைகள் ஒரே அறைக்குள் மோதுகின்றன. இது தெரிந்தபின் ஸ்கெட்சைத் திரும்பப் பாருங்கள், இன்னும் கனமாக இருக்கும்.

மார்ச் 9

நியூஜெர்சியில் வேலைக்குப் போன புதிதில் ஒரே வீட்டில் நாங்கள் சிலர் தங்கியிருந்தோம். கிளீவ்லாந்திலிருந்து வந்த ஒரு கறுப்பின நண்பர் பக்கத்து வீடு. அவரிடம் இந்த நிகழ்ச்சியின் பழைய வீடியோ கேசட்டுகள் இருந்தன. அவரோடு உட்கார்ந்துதான் இதை முதலில் பார்த்தேன். ஊஹுராவிடம் ஃபராகான் பேசத் தொடங்கும் முன்பே அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார், வசனம் வருமுன். முடிந்ததும் சொன்னார், அவருடைய அம்மா பல வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாராம், ஸ்டார் ட்ரெக் ஓடும் நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாதாம், ஊஹுரா வரும் காட்சியில் மட்டும் அம்மா திரையோடு பேசுவாராம். "எழுந்து வா, அவனே எடுக்கட்டும்" என்று. அந்த ஸ்கெட்சை எழுதியவர்களின் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருந்திருப்பார் என்றே எனக்குப் படும். ஆசையாகப் பார்த்துக்கொண்டே திட்டுகிறவர்கள். அதனால்தான் முதல் நாளே உயிரை வைத்திருந்தவர்கள் என்று எழுதினேன்.

மார்ச் 10

"கறுப்பு வெள்ளை பற்றியே பேசுகிறீர்கள், சூலு?" என்று டொரண்டோவிலிருந்து எழுதும் அக்கா கேட்டிருக்கிறார். கப்பலை ஓட்டும் ஆசிய அதிகாரிதான் சூலு. கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் இதைவிட வலிமையான சாட்சி கிடையாது.

1976ல் சாட்டர்டே நைட் லைவ் என்கிற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒரு ஸ்டார் ட்ரெக் பகடி வந்தது. ஜான் பெலூஷி கிர்க், செவி சேஸ் ஸ்பாக். தொலைக்காட்சி நிறுவனத்து ஆள் கப்பலுக்குள்ளேயே வந்து தொடரை நிறுத்திவிட்டதாகச் சொல்லி அரங்கைக் கலைக்கிறார். சூலுவாக யார்? நடிகர் குழுவில் ஆசிய முகமே இல்லை. அதனால் அந்த நிகழ்ச்சியின் அரங்க வடிவமைப்பாளர் அகிரா யோஷிமுராவைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். 1986ல் தொடரில் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரே வந்து நடத்தியபோது மறுபடி யோஷிமுரா. 2017ல் புதிய படங்களின் கிர்க்கான கிறிஸ் பைன் வந்தபோது மறுபடியும் யோஷிமுரா! நாற்பது வருஷத்துக்கும் மேல் அதே ஆள், அதே நாற்காலி. பார்வையாளர்கள் அதை அன்பாகக் கொண்டாடினார்கள், நானும் அவரைப் பார்த்ததும் கைதட்டினேன். ஆனால் சீனப் பெற்றோருக்குப் பிறந்த பொவென் யாங் அந்த நடிகர் குழுவில் சேர்ந்தது 2019ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பகடி செய்கிற நிகழ்ச்சி, தான் பகடி செய்த தொடரைவிடப் பின்தங்கியிருந்தது. தொடரிலாவது 1966லேயே சூலுவாக ஜார்ஜ் டகேய் இருந்தார்.

மார்ச் 14

கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரை யாரும் இன்னும் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இந்த வகையின் வேரே அவர்தான். எதிர்காலத்தில் நடக்கும் லோகன்ஸ் ரன் படம் 1976ல் வந்தபோது, அதில் கறுப்பர்களே இல்லை, வெள்ளைக்காரர்கள் நாம் அங்கே இருப்போம் என்று திட்டமே போடவில்லை, அதனால் நாமே படம் எடுக்க வேண்டும் என்று மேடையில் சொன்னார். எதிர்காலத்தைப் பற்றி எழுதிய எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

1977 செப்டம்பரில் அவருக்கே என்.பி.சி.யில் ஒரு நிகழ்ச்சி, நான்கே எபிசோடுகளோடு முடிந்துபோனது. முதல் எபிசோடிலேயே ஸ்டார் வார்ஸ் மதுக்கடை ஸ்கெட்ச். படம் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. விசித்திர ஜந்துக்கள் நிறைந்த அந்தக் கடையில் பிரையர்தான் கடைக்காரர். ஒரு ஜந்துவைப் பார்த்து, டெட்ராய்ட்டில் எனக்குத் தெரிந்த ஒருத்தன் மாதிரியே இருக்கிறாய் என்கிறார். சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் படத்தில் அந்தக் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று ஞாபகம் இருக்கிறதா? ரோபோக்களைப் பார்த்து, இவர்களுக்கெல்லாம் இங்கே இடமில்லை, வெளியே போ என்கிறார். 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் உணவுக் கவுன்டரில் உட்கார்ந்து எழ மறுத்தபோது கேட்ட வார்த்தைகளின் சாயல் அது. பதினேழு வருஷம் கழித்து, அந்தக் கவுன்டருக்குப் பின்னால் பிரையரை நிற்கவைத்தால் அதற்கு மேல் வசனம் தேவையே இல்லை. அந்தப் படத்தில் ஒரு கறுப்பின நடிகரின் குரல்தான் மிகப் பெரிய அதிகாரம், வில்லன் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், முகம் கிடையாது.

மார்ச் 15

கீ அண்ட் பீல் என்கிற கறுப்பின நகைச்சுவை ஜோடி பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அவர்களுடைய ஏலியன் ஸ்கெட்ச் இந்த வரிசையில் கட்டாயம் வரும். வேற்றுக்கிரகவாசிகள் மனித உருவில் உலவுகிறார்கள், யார் நிஜ மனிதன் என்று கண்டுபிடிக்க வேண்டும். எப்படி? அளவுக்கு மீறி அன்பாக நடந்துகொள்ளும் வெள்ளைக்காரர் ஏலியன், சந்தேகத்தோடு பார்க்கிறவர் மனிதர். ஜாம்பி ஸ்கெட்சில் ஜாம்பிகூட இவர்களைப் பார்த்ததும் கார்க் கதவைப் பூட்டிக்கொள்கிறது. ஜோர்டன் பீல் பிறகு 2017ல் எடுத்த கெட் அவுட் படத்தின் விதை முழுக்க இங்கே இருக்கிறது: அளவுக்கு மீறிய அன்பைப் பார்த்து வரும் பயம்.

2018ல் சாட்விக் போஸ்மன் பிளாக் பாந்தர் மன்னனாகவே வந்து வினாடி வினாவில் உட்கார்ந்த சாட்டர்டே நைட் லைவ் ஸ்கெட்ச் இன்னும் ஒரு படி மேலே. அடிமை முறையே தொடாத கற்பனை நாட்டு அரசருக்கு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அன்றாடக் கேள்வி எதுவும் புரியவில்லை. போலீஸிடம் உதவுவது குடிமகனின் கடமை என்கிற ரீதியில் பதில் சொல்கிறார். வெள்ளைக்காரப் பெண் உப்புக் காரம் இல்லாமல் கொண்டுவரும் உருளைக்கிழங்கு சாலட் வந்ததும்தான் அவருக்குப் பிடிபடுகிறது. கறுப்பினத்தவர் எல்லாரும் ஒன்று என்ற நினைப்பையே அது உடைக்கிறது. போஸ்மன் போய்விட்டார் என்பதால் இப்போது அதை முழுதாகச் சிரித்துப் பார்க்க முடிவதில்லை.

மார்ச் 20

இத்தனை நாள் எழுதியதில் ஒரு பக்கத்தை நான் போதுமான அளவு யோசிக்கவில்லையோ என்று தோன்றுகிறது: யார் சிரிக்கிறார்கள். கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பெல் 2005ல் பெரும் பணத்தை விட்டுவிட்டுத் தன் நிகழ்ச்சியிலிருந்து எழுந்து தென்னாப்பிரிக்கா போனார். ஒரு ஸ்கெட்ச் படப்பிடிப்பில் ஒரு வெள்ளையர் சிரித்த விதம், அந்தச் சிரிப்பின் நீளம், தன்னைத் தொந்தரவு செய்ததாகப் பிறகு பேட்டியில் சொன்னார். இனப் பகடியை எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பயம் இருக்க வேண்டும். ஃபராகான் ஸ்கெட்சைப் பார்த்து, பாருங்கள் கறுப்பர்கள் எதற்கெடுத்தாலும் இனம் என்பார்கள் என்று சிரித்தவர்களும் 1990ல் கட்டாயம் இருந்திருப்பார்கள். கிளீவ்லாந்து நண்பரின் சிரிப்பும் அவர்களுடைய சிரிப்பும் வெளியிலிருந்து கேட்டால் ஒரே சத்தம்தான்.

இருந்தாலும் அந்த ஸ்கெட்சைப் பொறுத்தவரை நான் நிம்மதியாக இருப்பதற்குக் காரணம், அதில் தோற்பவர் யார் என்பது தெளிவு. சந்தேகமில்லாமல் கிர்க். ஊஹுராவை முட்டாளாக்கிச் சிரிப்பு வாங்கவில்லை, ஸ்பாக்கையும் இல்லை. சாப்பெல்லுக்கு உறுத்திய ஸ்கெட்சில் கறுப்பு முகச்சாயம் பூசிய குட்டிப் பேய் ஒன்று கறுப்பினத்தவரையே சீண்டியது. எதைச் சுட்டி விரல் நீள்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கிறது.

மார்ச் 22

கல்லூரி போகும் மகளோடு பார்க்கலாமா, எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பாருங்கள். முதலில் 1969 பாதிமுக எபிசோடு. அடுத்து உடனே 1990 ஸ்கெட்ச், நடுவில் எதுவும் வேண்டாம். அப்புறம் டீப் ஸ்பேஸ் நைன் என்கிற பிந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரில் 1998ல் வந்த பென்னி ரஸ்ஸல் கதை: 1953ன் நியூயார்க், ஒரு கறுப்பின எழுத்தாளர் கறுப்பினத் தலைவர் இருக்கும் விண்வெளி நிலையத்தைப் பற்றிக் கதை எழுதுகிறார், பத்திரிகை அதை அச்சிட மறுக்கிறது. ஏவரி புரூக்ஸ் நடித்து இயக்கியது. அதில் சிரிப்பே இல்லை, ஆனால் ஸ்கெட்ச் கேட்ட கேள்விக்கு ஸ்டார் ட்ரெக்கே தன் வாயால் சொன்ன பதில் அதுதான்.

மகளிடம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஸ்கெட்ச் வந்த அடுத்த வருஷம், 1991 படத்தில், சூலுவுக்குச் சொந்தக் கப்பல் கிடைத்தது. 1993ல் புரூக்ஸ் நடித்த சிஸ்கோ, டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் தலைவராக வந்தார். ஆனால் பதவி கமாண்டர். மற்ற ஸ்டார் ட்ரெக் தொடர்களின் தலைவர்களான பிக்கார்டும் ஜேன்வேயும் முதல் நாளே கேப்டன்கள். சிஸ்கோ கேப்டன் ஆனது மூன்றாவது சீசனின் கடைசியில், 1995ல். அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள்.